கழுத்துக்கு டேப், முகத்துக்கு ஏஐ: மயக்க மருந்து டாக்டரின் கணிப்புப் பிரச்சினை

இந்த வார எபிசோடில் மருத்துவத்தில் ஏஐ பற்றிப் பேசும்போது "ஆபரேஷனுக்கு முன்னாடி முகத்தைப் பார்த்தே மூச்சுக்குழாய் சிரமமானு சொல்லிடும்"னு ஒரு வரி போகிற போக்கில் வந்துபோனது. அதை அப்படியே விட மனசில்லை. நான் இருக்கிற ஜெர்மனியில் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் உடல்பருமன் உள்ளவர். ஆக, இது நிறைய பேரைத் தொடுகிற விஷயம்.

முழு மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் சொந்த மூச்சு நின்றுவிடும். டாக்டர் நாக்கை ஒதுக்கி, குரல்நாண்களுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்தி, மூச்சை மெஷினிடம் ஒப்படைக்க வேண்டும். நாக்கை ஒதுக்கி உள்ளே நேரடியாகப் பார்க்கும் இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர் பெர்லினின் ஆல்ஃபிரெட் கிர்ஷ்டைன், 1895-ல். அதுவரை தொண்டைக்குள் கண்ணாடியை வைத்துப் பிம்பத்தைத்தான் பார்த்தார்கள்.

பருமனானவர்களுக்கு இதில் என்ன பிரச்சினை? கழுத்தும் தொண்டைச் சதையும் மட்டும்தான் காரணம் என்று நினைக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடிகாரம். வயிறு நுரையீரலை மேலே தள்ளுவதால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் இருப்பு குறைவு. உடம்புக்கோ தேவை அதிகம். 1991-ல் வந்த ஓர் ஆய்வில், நன்றாக ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மூச்சை நிறுத்தியபோது, ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு இறங்க சாதாரண எடை உள்ளவர்களுக்குச் சுமார் 6 நிமிடம் ஆனது. மிகப் பருமனானவர்களுக்குச் சுமார் 3 நிமிடம்தான்! குழாய் போடுவது அதே அளவு சிரமம் என்றே வைத்துக்கொண்டாலும், தப்பைத் திருத்த சுமார் பாதி நேரம்தான் கையில் இருக்கிறது. (தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்தினாலே முக்கால் நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. செலவே இல்லாத டெக்னாலஜி!)

அப்போ எடையை வைத்தே கணிக்கலாமே? அதுதான் இல்லை. 2002-ல் ஸ்டான்ஃபோர்டில் ப்ராட்ஸ்கி குழு, பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ள 100 பேரைப் பார்த்தது. 12 பேருக்குச் சிரமம். ஆனால் பி.எம்.ஐ. அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னவை இரண்டு: கழுத்துச் சுற்றளவு, மல்லம்பட்டி வகுப்பு. கழுத்து 40 செ.மீ. என்றால் சிரமத்துக்கு 5 சதவீத வாய்ப்பு, 60 செ.மீ. என்றால் 35 சதவீதம். தையல்காரரின் டேப், எடை மெஷினை ஜெயித்துவிட்டது.

மல்லம்பட்டி என்ற பேர் காதில் பட்டதும் நம்மூர்ப் பக்கம் மாதிரி இருக்கே என்று தோன்றியிருக்கும். ஆந்திராவிலிருந்து போஸ்டன் போன டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டிதான். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் 1985-ம் ஆண்டுச் சோதனை, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது.

இவ்வளவு இருந்தும் கணிப்பு ஏன் சறுக்குகிறது? டென்மார்க்கில் சுமார் 1,88,000 நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள் (2015). சிரமமான கேஸ்களில் 93 சதவீதம் யாரும் எதிர்பாராதவை. "சிரமம் வரும்" என்று டாக்டர் சொன்ன நால்வரில் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே சிரமம் வந்தது. டாக்டர்களைக் குறை சொல்லாதீங்க, இது கணக்கு செய்கிற வேலை. 1000 பேரில் 20 பேருக்குச் சிரமம் என்று வைப்போம். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு மாடல் அதில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேருக்குப் பொய் அலாரம் அடிக்கும். 116 அலாரத்தில் 18 தான் நிஜம். ஸ்பேம் ஃபில்டர் எழுதியவர்களுக்கு இந்த வலி தெரியும். அதே மாடலை, 1000 பேரில் 100 பேருக்குச் சிரமம் வரும் கூட்டத்தில் ஓட்டினால் 180 அலாரத்தில் 90 நிஜம். மாடல் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. அதனால் "90 சதவீதத் துல்லியம்" என்று யாராவது விற்க வந்தால், யாரிடம் சோதித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

முகப் படத்தை வைத்துக் கணிக்கும் முயற்சிகள் அமெரிக்காவில் 2011-லும் சுவிட்சர்லாந்தின் லோசானில் 2016-லும் வெளிவந்தன. சுவாரஸ்யமானவைதான். ஆனால் குழாய் நுழைய வேண்டிய இடம் முகத்துக்கு உள்ளே, நாக்கின் வேருக்குக் கீழே இருக்கிறது. கேமராவை அங்கேயே கொண்டுபோவதுதான் எனக்கு நேர்மையான வழியாகப் படுகிறது. இங்கே டுட்லிங்கன் என்ற சின்ன ஊரில் இருக்கும் கார்ல் ஷ்டோர்ட்ஸ் கம்பெனியின் சி-மேக் செய்வது அதைத்தான். அலகின் நுனியில் கேமரா, பக்கத்தில் திரை. டாக்டர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, கேமரா வளைவைத் தாண்டிப் பார்க்கும்.

திரை வந்ததும் பழைய மதிப்பெண் முறை பொருந்தாமல் போனது. 1984-ன் கார்மாக்-லெஹேன் தரவரிசை நேரடிப் பார்வைக்காக எழுதப்பட்டது. வீடியோவில் குரல்நாண் அழகாகத் தெரியும், குழாய்தான் வளைந்து உள்ளே போகாது. ஹாம்புர்க்-எப்பன்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 2022-ல் விடியாக் என்ற மதிப்பெண்ணை வெளியிட்டது. குரல்வளை மூடி சரியாக அசையவில்லையா, தூக்க அதிக பலம் தேவைப்பட்டதா, குரல்நாண் தெரியவே இல்லையா போன்றவற்றுக்கு ஒரு புள்ளி கூடும். குரல்நாண் தெளிவாகத் தெரிந்தால் ஒரு புள்ளி குறையும். இது ஜோசியம் இல்லை, நடந்ததைக் குறித்து வைக்கும் முறை. ஒரு தடவை சிரமப்பட்டவருக்கு அடுத்த தடவையும் சிரமம் வரலாம் என்பது, எந்த முகப் படத்தையும் விட வலுவான தகவல்.

அந்தத் தகவல் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமே? அதற்கு ஜெர்மனியில் 'அனெஸ்தெஸீ-அவுஸ்வைஸ்' என்ற அட்டை உண்டு. உங்களுக்கோ வீட்டில் அம்மா, அப்பாவுக்கோ முன்பு ஆபரேஷனில் குழாய் போடச் சிரமப்பட்டதாகச் சொல்லியிருந்தால், அதைக் கேட்டு வாங்கி பர்ஸில் வையுங்கள். ஊரில் செய்த ஆபரேஷன் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டர் முன்சந்திப்பில் குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல், ஆடும் பல் பற்றிக் கேட்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர்" என்று வெட்கப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். வீட்டில் சிபேப் மெஷின் இருந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்க.