வயல் எலியும் சாரைப் பாம்பும்

சென்னை கிண்டியில், நான்கு பக்கமும் கட்டடங்கள் சூழ, 2.70 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது. ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த காட்டின் பெரும் பகுதி 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எந்த உயிர் எதைத் தின்று பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நல்ல இடம் இது.

இங்குள்ள வெளிமான் திறந்த வெளியில் குட்டையான புல்லை மேயும். புள்ளிமானோ புல்லுடன் தழை, உதிர்ந்த இலை, காய், பழம் என எல்லாவற்றையும் தின்னும். அதனால் புதர் மண்டிப் புல்வெளி குறையும்போது முதலில் அல்லற்படுவது வெளிமானே. மானை அடித்துத் தின்னச் சிறுத்தை இங்கே கிடையாது. ஊன் உண்ணும் விலங்குகளில் பெரியது நரிதான். அது மான் குட்டியையும் பிடிக்கும். எலி, நண்டு, வண்டு, பழம் ஆகியவற்றையும் விடாது. இப்படி ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதையே உணவு வலை என்கிறோம்.

இந்த வலை உங்கள் வயலிலும் உண்டு. நெல்லை எலி தின்கிறது. எலியைப் பாம்பும் கூகையும் நரியும் கீரியும் தின்கின்றன. பாம்பைக் கீரியும் மயிலும் தின்கின்றன. வரப்பில் பாம்பைக் கண்டால் அது உங்களைத் தேடி வரவில்லை, எலியைத் தேடி வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கிண்டிக் காட்டை ஒட்டியே, ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் தொடங்கிய பாம்புப் பூங்கா உள்ளது. சென்னைக்குச் செல்லும் உழவர்கள் அங்கே சாரைப் பாம்பை ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. ஆறடிக்கு மேலும் வளரும் இப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. மலைப்பாம்பைப் போல் இரையைச் சுற்றி நெரிப்பதும் இல்லை. எலியை வாயால் கவ்வி, உடலால் தரையோடு அழுத்தி, பெரும்பாலும் உயிருடனேயே விழுங்கிவிடும். பகலில் இரை தேடும் பாம்பு இது. வளைக்குள் தலையை நுழைத்துக் குட்டிகளையும் எடுத்துவிடும் என்பதே இதன் பெரிய நன்மை. பொறியும் நச்சுணவும் வளைக்குள் கிடக்கும் குட்டியை எட்டுவதில்லை.

சாரை மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்று சொல்வார்கள். பாம்பின் வாய் பால் உறிஞ்சும் அமைப்புடையது அன்று. தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் எலி வருகிறது, எலிக்காகச் சாரை வருகிறது. மாட்டுக் கொட்டிலில் அதற்கு வேறு வேலை இல்லை. நாகமும் சாரையும் பிணைகின்றன என்று சொல்லப்படும் காட்சியும் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பொருதும் காட்சியே.

ஆனால் பாம்பு இருந்தால் எலித் தொல்லை அடியோடு தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஆறேழு குட்டிகளை ஈனும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாமே ஈனத் தொடங்கும். பாம்போ குளிர்ந்த இரத்தப் பிராணி. வயிறு நிறைய ஒருமுறை இரை எடுத்தால் பல நாள் சும்மா கிடக்கும். ஆகவே எலி குறைவாக உள்ள காலத்தில் அது பெருகாமல் தடுக்கவே பாம்பு உதவும். பெருகிய பின் நாம்தான் கையை நீட்ட வேண்டும்.

ஒரு காலத்தில் சாரை, நாகம் முதலியவற்றின் தோல்கள் லட்சக்கணக்கில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் இத்தொழிலுக்குப் பாம்பு பிடித்து வந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் இதை நிறுத்தின. அதே இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து, நஞ்சு முறிவு மருந்து தயாரிக்க அளித்து வருகின்றனர்.

இரவில் எலிக்கு எமன் கூகை. இது பாம்பைப் போல் பட்டினி கிடக்காது. நாள்தோறும் இரை வேண்டும். எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பாழடைந்த கட்டடத்தின் கீழே கிடக்கும் இவ்வுருண்டைகளில் ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள், எலி மண்டையோடுகள் தென்படும். கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிவோர் இதைப் பார்த்த பின் எறிய மாட்டார்கள். வயலில் ஆங்காங்கே உயரமான கழிகளின் உச்சியில் குறுக்குச் சட்டம் கட்டி வைத்தால் கூகை வந்து அமரும்.

எலி மருந்து வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரோமடியோலோன் போன்ற மருந்து உடனே கொல்வதில்லை. அதைத் தின்ற எலி சில நாள் சோர்ந்து திரியும். அப்போது கூகைக்கும் கீரிக்கும் எளிதாக அகப்பட்டு, அவற்றையும் கொல்லக்கூடும். செத்த எலிகளை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுங்கள். கூடுமானவரை தஞ்சாவூர் கிட்டியை வைத்துப் பிடியுங்கள். வரப்பு 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாதிருந்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். அறுவடை முடிந்ததும் ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் வளைகளை வெட்டிப் பிடிப்பது மிகுந்த பயன் தரும். ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயலிலிருந்து எலி வந்து சேர்ந்துவிடும்.

எலியைத் தேடி வருவன சாரை மட்டும் அல்ல. நாகமும் கண்ணாடி விரியனும் அதே இரைக்காக வரும். எனவே வளைக்குள் வெறும் கையை நுழைக்காதீர்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கை விளக்கும் கணுக்கால் மூடும் செருப்பும் வேண்டும். கடிபட்டால் கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், நஞ்சு முறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.