ஆம்னி வேனின் ஆயுள் பீடிங்கில் இருக்கிறது!

மாருதி ஆம்னி 1984-ல் சந்தைக்கு வந்தபோது அதன் பெயர் ‘மாருதி வேன்’ மட்டும்தான். 1988-ல் ஆம்னி ஆனது. 2019-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும், பள்ளிப் பிள்ளைகளையும் சமையல் கான்ட்ராக்டரின் அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் 796 சிசி இன்ஜினை எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். அரித்துப்போன பாடியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அந்த அரிப்பு பெரும்பாலும் தொடங்குகிற இடம், முன் கண்ணாடியின் கீழ் மூலை.

இன்றைய கார்களில் முன் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆம்னியில் அதைப் பிடித்து நிறுத்துவது ரப்பர் பீடிங். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கி, வெடிக்கவைக்கின்றன. வளைந்து நிற்கும் மூலைகளில்தான் முதல் வெடிப்பு விழும். அந்த வழியே இறங்கும் மழைநீர், தகட்டு விளிம்பில் தேங்கி வெளியே தெரியாமல் துருவை வளர்க்கும். பெயின்ட் கொப்புளித்து, கால் மிதியடி ஈரமானபிறகுதான் நமக்குத் தெரியவரும். அப்போது சிலிகான் பேஸ்ட்டை மேலே அப்புவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் வழியில்லாமல் போய்விடும்.

கயிறு செய்யும் வேலை

பழைய பீடிங்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அதன் உதட்டைக் கத்தியால் அறுத்தால் கண்ணாடி பத்திரமாக வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஓரத்தில் விரிசல் விழும். அறுத்ததில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், கண்ணாடி உட்காரும் பள்ளமும் தகடு உட்காரும் பள்ளமும் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடலாம். பழைய கண்ணாடி வாங்கினாலும் பரவாயில்லை, பழைய பீடிங் மட்டும் வேண்டாம்.

கண்ணாடி வெளியே இருக்கும் அந்த நேரம்தான் முக்கியம். விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிடம் தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். துருவின் மேலேயே புது ரப்பரை மாட்டினால் செலவுதான் மிச்சம்.

புது பீடிங்கைச் சற்று நேரம் வெயிலில் போட்டால் இளகும். முதலில் அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். தகடு உட்காரும் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழே நடுவில் வண்டிக்குள் தொங்கவிட வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருந்து இன்னொருவர் கயிற்றை மெதுவாக உருவ வேண்டும். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கம் மடிந்து உட்காரும். அவசரப்பட்டு இழுத்தால் உதடு கிழியும். சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. கிரீஸ், மண்ணெண்ணெய் பக்கமும் போகக் கூடாது. அவை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

கதவையும் கவனியுங்கள்

கதவுக் கண்ணாடியை ஒட்டியிருக்கும் வெளிப் பட்டையும் காய்ந்து சுருங்கும். அது புதிதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வடிவதற்காகவே கதவின் அடியில் துளைகள் உண்டு. மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பட்டையை மாற்றிவிட்டுத் துளையை மறந்தால், கதவு அடியிலிருந்து அழுகும்.

வேலை முடிந்ததும் வண்டியை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். ஹோஸ் பைப்பால் மேலிருந்து தண்ணீர் விடச் சொல்லி, நீங்கள் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையையும் பாருங்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அடைமழையில் பெயின்ட் காயாது, பட்டறையிலும் இடம் கிடைக்காது. பழைய வேன் வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.