மணற்கரை வழியே மோட்டார்ப் பயணம்

அவுஸ்திரேலியாவிலே குடியேறி வாழும் நம்மவர் தொகை பெருகியதனால், உறவினரைக் காண அங்கு செல்லும் இலங்கையரும் பலராயினர். அவ்வாறு செல்வோரை விடுமுறை நாளொன்றிற் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுதல் இயல்பு. ஆனால் அந்நாட்டிற் கடற்கரைக்குப் போதல் என்பதற்கு, நாம் அதிகம் பழகாத பொருளொன்றும் உண்டு. நான்கு சில்லுகளும் இயந்திரத்தால் உந்தப்படும் வண்டியில் ஏறி, ஒருபுறம் கடலும் மறுபுறம் மணற்குன்றுமாக, கரை மணலின் மீதே பல மணி நேரம் பயணம் செய்வது அது. இத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதையே நேயர்களுடன் இன்று ஆராய விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக, குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கரையோரமாக அமைந்த ஒரு தீவை எடுத்துக்கொள்வோம்.

அத்தீவின் பெயர் கரி. பட்சுல்லா என்னும் ஆதிக்குடியினர் வழங்கிய பெயர் அது. 1836ஆம் ஆண்டிற் கப்பல் உடைந்து அங்கு ஒதுங்கிய பிரேசர் குடும்பத்தினரின் பெயரால், நெடுங்காலம் பிரேசர் தீவு என அழைக்கப்பட்டு வந்தது. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பழைய பெயர் அரசாங்க முறைப்படி மீட்கப்பட்டது. நூற்றிருபது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இத்தீவே உலகின் மிகப் பெரிய மணற்றீவாகும். 1992ஆம் ஆண்டில் இது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இதன் கிழக்குக் கரைக்கு எழுபத்தைந்து மைற் கரை என்று பெயர். தார் இடப்படாத, கல் பரப்பப்படாத அந்த மணற்கரை சட்டப்படி ஒரு பெருந்தெருவாகும். வேக எல்லை உண்டு. ஆசனப் பட்டி அணிதல் வேண்டும். மது அருந்தி வண்டி செலுத்துவோரைப் பொலிசார் பிடிப்பர். ஆயினும் இத்தெருவுக்கும் நம் ஊர்த் தெருக்களுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. நாள்தோறும் இரு முறை இத்தெருவைக் கடல் வந்து மூடிவிடுகின்றது.

இங்கேதான் நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு மிகச் சிறிது. ஒரு மீற்றர் தானும் இல்லை. ஆதலாற் கடல் நீர் கரையில் ஏறுவதும் இறங்குவதும் மீனவரல்லாத நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. குயின்ஸ்லாந்துக் கரையிலோ அவ்வேறுபாடு நம் கரையிலும் பன்மடங்கு பெரிது. அதன் விளைவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நாற்பது மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவுடையதாக ஒரு கரையைக் கொள்வோம். கடல் நீர் ஒரு மீற்றர் உயர்ந்தால், நீரின் ஓரம் நாற்பது மீற்றர் உள்ளே வந்துவிடும். காலையில் அகன்ற பெருவீதியாகக் கிடந்த மணற்பரப்பு, பிற்பகலில் அலைக்கும் குன்றுக்கும் இடையே வண்டி நுழையவும் இடமற்ற ஒடுங்கிய விளிம்பாக மாறுவது இதனாலேயே.

ஆகவே பயணத் திட்டத்தின் முதற் படி, கடலின் நேரத்தை அறிதல். எத்தனை மணிக்குப் புறப்பட விருப்பம் என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாநிலத்தின் கடற்பாதுகாப்புத் திணைக்களம் வற்றுப்பெருக்கு அட்டவணைகளை வெளியிடுகின்றது. அவற்றுள் நாம் செல்லும் கரைக்கு மிக அண்மையிலுள்ள இடத்தின் அட்டவணையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே நாளுக்கு நாள் இந்நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். பூரணை, அமாவாசை ஆகிய உவா நாட்களை ஒட்டிப் பெருக்கு மிகும். அட்டமியை ஒட்டிக் குறையும். இவற்றோடு புயற்காற்றும் பேரலையும் சேருமாயின், அட்டவணை கூறும் அளவுக்கு மேலும் நீர் ஏறும். ஆதலால் அட்டவணையுடன் வானிலை அறிவித்தலையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

பெருக்கு உச்சமடையும் நேரத்துக்கு முன் இரண்டு மணியும் பின் இரண்டு மணியும் கரையில் வண்டி செலுத்தலாகாது என்பது அங்கு வழங்கும் பொது விதி. முற்பகல் 11 மணிக்கு வற்று என வைத்துக்கொள்வோம். முந்திய பெருக்கு அதிகாலை 5 மணியளவிலும், பிந்திய பெருக்கு மாலை 5 மணியளவிலும் அமையும். எனவே காலை 7 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணி வரையிலான எட்டு மணி நேரமே நமக்கு உரியது. பிற்பகல் 3 மணிக்கு வண்டி கரையை விட்டு நீங்கி இருத்தல் வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி மற்ற நேரங்களைக் கணித்தலே சரியான முறை. திரும்பும் வழிக்கு வேண்டிய நேரம், உணவுக்கும் ஓய்வுக்கும் உரிய நேரம், வண்டி எங்காவது புதைந்தால் மீட்பதற்கு ஒரு மணி நேரம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே போகும் வழிக்கு உரிய நேரமாகும்.

இத்திட்டத்தைத் தீவின் வழிகளோடு பொருத்திப் பார்ப்போம். தெற்கிலே இன்ஸ்கிப் முனை என்னும் இடத்திலிருந்து வண்டிகளை ஏற்றிச் செல்லும் மிதவைக் கப்பல் உண்டு. மட்டக்களப்பு வாவியிற் பாதை என வழங்கும் மிதவையை நேயர்கள் பலர் அறிவர். அதன் பெரிய உருவம் என இதனைக் கொள்ளலாம். சிறிது நேரத்தில் அது தீவின் தென்கோடியாகிய ஹூக் முனையை அடையும். அங்கிருந்து கரை வழியே வடக்கு நோக்கி அறுபது எழுபது கிலோமீற்றர் சென்றால், கடலை நோக்கித் தெளிந்த நன்னீர் ஓடிவரும் ஈலை ஓடையும், அதற்கப்பால் மஹேனோ என்னும் கப்பலின் துருவேறிய உடலும் தோன்றும். 1905ஆம் ஆண்டிற் கட்டப்பட்டு, முதலாம் உலகப் போரில் மருத்துவக் கப்பலாகவும் பணியாற்றிய இக்கப்பல், 1935ஆம் ஆண்டில் உடைப்பதற்காக யப்பானுக்கு இழுத்துச் செல்லப்படுகையிற் சூறாவளியில் அகப்பட்டுக் கரையேறியது. தூரத்தை மட்டும் நோக்கின் இது ஒன்றரை மணி நேரப் பயணமாகத் தோன்றும். ஆனால் ஓடைகள் கரையை அறுத்துச் செல்லும் இடங்களில் மணல் படிபோற் செங்குத்தாக வெட்டுண்டு கிடக்கும். தூரத்திலிருந்து அது கண்ணுக்குப் புலப்படாது. வேகமாக வரும் வண்டி அதிலே விழுந்தால் அச்சு முறியும், புரளவும் கூடும். ஆதலால் ஓடைதோறும் வேகத்தைத் தணித்து, ஐயமுண்டாயின் இறங்கிப் பார்த்தே கடத்தல் வேண்டும். நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டவனுக்கே வேகம் தேவைப்படுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

இனி மணலின் இயல்பை நோக்குவோம். உலர்ந்த மணலில் மணிகள் ஒன்றையொன்று பற்றாமல் உருண்டு விலகுகின்றன. ஈர மணலிலோ மணிகளிடையே தங்கிய சிறிதளவு நீர் அவற்றை இறுகப் பிணைக்கின்றது. வற்றிய கடல் விட்டுச் சென்ற ஈரப் பரப்பு வண்டியைத் தாங்குவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் நீர் முற்றாக நிறைந்த அலையோர மணல் சில்லு அதிர இளகிவிடும். அங்கே நிறுத்திய வண்டி தானாகவே தாழும். எனவே அலைக்கும் உலர்மணலுக்கும் இடைப்பட்ட ஈரப் பரப்பே வழியாகும்.

மணலில் இறங்குமுன் ரயர்களின் காற்றைக் குறைத்தல் வேண்டும். காற்றைக் குறைத்தால் வண்டி எவ்வாறு நன்றாக ஓடும் என்று சிலர் வியக்கலாம். ஒரு சில்லின் மேல் 600 கிலோகிராம் பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் அழுத்தம் இருக்கையில், அந்த ரயர் நிலத்திற் படியும் பரப்பு ஏறத்தாழ 37 சதுர அங்குலம். அழுத்தத்தை 18 இறாத்தலாக்கினால் அப்பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். பாரம் அகன்று பரவுவதால் சில்லு மணலை வெட்டாமல் மேலே மிதந்து செல்லும். ஆனால் காற்றுக் குறைந்த ரயருடன் விரைந்து ஓடுதலும் சடுதியாகத் திருப்புதலும் ஆபத்து. தார் வீதியை அடைந்ததும் மீண்டும் காற்றடைக்க ஒரு பம்பும், அழுத்தம் பார்க்கும் கருவியும் உடன் இருத்தல் வேண்டும்.

வண்டி புதையுமாயின் விசையை மேலும் கொடுத்தல் கூடாது; அது குழியை ஆழமாக்கும். இறங்கிச் சில்லுகளின் முன்னும் பின்னும் உள்ள மணலை வாரி அகற்றி, வந்த தடத்தின் வழியே மெல்லப் பின்னோக்கி எடுத்தல் நன்று. இதற்காக நீண்ட பிடியுள்ள மண்வாரியும், சில்லின் கீழ் இடும் பலகைகளும், இழுவைப் பட்டியும் கொண்டு செல்க. இழுவைப் பட்டியை வண்டியின் சட்டத்தோடு பொருந்திய உரிய கொக்கியிலேயே மாட்டுதல் வேண்டும். பின்புறத்து இழுவைக் குமிழில் மாட்டி இழுக்கையில், அக்குமிழ் முறிந்து குண்டுபோற் பறந்து மனிதரைக் கொன்றதும் உண்டு. இழுக்கும்போது ஏனையோர் எட்டி நிற்றல் அவசியம்.

புறப்படுமுன் செய்ய வேண்டிய பிற காரியங்களும் உள. தீவில் வண்டி செலுத்துவதற்கும் முகாம் இடுவதற்கும் அரசாங்கப் பூங்காத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டுக்களை முன்னதாகவே பெறல் வேண்டும். வாடகை வண்டியாயின் காப்புறுதிப் பத்திரத்தை வாசித்தல் வேண்டும். உப்பு நீரால் விளையும் சேதத்தைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. மணலில் எரிபொருட் செலவு மிகும். ஈயுறொங், ஹப்பி வலி போன்ற சில இடங்களிலேயே அது கிடைக்கும். கைத்தொலைபேசி எங்கும் இயங்கும் என நம்பலாகாது. ஆதலால் எந்த நேரத்தில் எங்கு இருப்போம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் நன்று.

கரையிலே வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர். உள்நாட்டு மணற்பாதைகளில் 30 கிலோமீற்றர். 2009ஆம் ஆண்டில் வண்டிகள் புரண்டு உல்லாசப் பயணிகள் உயிரிழந்தபின், வாடகை வண்டிகளில் ஏற்றும் ஆட்தொகையும் கூரைமேற் பாரமும் கட்டுப்படுத்தப்பட்டன. சிறு விமானங்களும் அக்கரையிலேயே இறங்கும். அவற்றுக்கு வழிவிடல் வேண்டும். அலைச்சத்தத்தில் வண்டியின் ஓசை கேளாதாகையாற் கரையில் நிற்கும் சிறுவரை ஒருவர் எப்போதும் கண்காணித்தல் வேண்டும். தீவின் காட்டு நாய்களுக்கு உணவளித்தல் சட்டப்படி குற்றம். மனிதர் கையுணவுக்குப் பழகிய நாய் அச்சம் நீங்கி மனிதரையே தாக்கும். 2001ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அவ்விலங்குகளாற் கொல்லப்பட்டான். கிழக்குக் கடலிலே இழுநீரும் சுறாவும் உண்டு. குளிக்க விரும்புவோர் ஓடைகளையும் உள்நாட்டு ஏரிகளையும் நாடுக.

நேயர்களே, விருந்தினராகச் செல்வோர் வண்டியைத் தாமே செலுத்தப் போவதில்லை. ஆகவே இவற்றை அறிந்து என்ன பயன் என எண்ணலாம். மருமகனோ பேரனோ, "இன்னும் சிறிது தூரம் சென்று பார்த்துவிட்டுத் திரும்புவோமே" என்று உற்சாகத்தாற் சொல்லும் வேளை ஒன்று வரும். அப்போது, "தம்பி, பெருக்கு எத்தனை மணிக்கு?" என்று பின்னாசனத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்பாராயின், அந்த ஒரு கேள்வி வண்டியிலுள்ள அனைவரையும் காக்கக்கூடும். கடலின் வேளையை அறிந்து புறப்படுவதும், அறிந்து திரும்புவதும் நம் மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட ஒழுங்கு. மோட்டார் வண்டியில் ஏறிவிட்டதனால் அவ்வொழுங்கிலிருந்து நமக்கு விலக்குக் கிடைப்பதில்லை.