இருட்டை மறைக்கும் படங்கள்

சாப்பாட்டு மேசை மேல் ஒரு வெள்ளைத் தாள். ஒரு மீட்டர் தள்ளி 9 வாட் எல்.இ.டி. பல்பு. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்திய செல்போனால் தாளைப் படம் எடுத்தேன். பல்பை இரண்டு மீட்டருக்கு நகர்த்தி இன்னொரு படம். தூரம் இரட்டித்தால் தாளில் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காக வேண்டும். இரண்டு படங்களையும் இமேஜ்ஜே மென்பொருளில் திறந்து, தாளின் நடுவில் கட்டம் போட்டுச் சராசரி பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது.

மென்பொருள் மீது பழியில்லை. ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களைத்தான் அது சராசரி எடுத்துச் சொல்கிறது. அந்த எண் பதிவாகும் முன்பே போன் கைவைத்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்ததும் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டுகிறது. அதைத் தடுத்தாலும் ஜேபெக் நம் கண்ணுக்கு இதமாக எண்களை வளைத்துவிடும். கால் பங்கு வெளிச்சம் அதில் பாதி எண்ணுக்கு மேல் வரும். விளக்கையே நேராகப் படம் எடுத்தால் 255இல் முட்டி நின்றுவிடும். பிறகு 5 வாட்டும் 20 வாட்டும் ஒன்றுதான்.

விண்மீன்களின் ஒளியைக் கண்ணால் பார்த்தே அளந்த காலத்தில் இந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து இருந்தது. விண்மீன் ஒளியில் 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு என்ற கணக்கை 1856இல் முன்வைத்த வானியலாளர் நார்மன் போக்சன், 1861 முதல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். அங்கே அவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஒளி மாறாத விண்மீன்களைப் பக்கத்தில் சாட்சியாக வைத்து ஒப்பிடுவதே இத்தகைய விண்மீன்களை அளக்கும் முறை. நம் போன் படங்களில் அந்தச் சாட்சி இல்லை.

என் கவலை தெருவைப் பற்றியது. விளக்கு எரியாத சந்தில் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு எதிரே வருபவர் முகம் தெரியாது. அந்தப் பெண் சந்தைப் படம் எடுத்து, தெருவிளக்கு கேட்கும் மனுவோடு இணைக்கிறார். போனின் இரவு முறை பல படங்களை அடுக்கிச் சேர்த்து, சந்தை அந்திநேரம்போல் பளிச்சென்று காட்டுகிறது. மனுவைப் படிப்பவர், “வெளிச்சம் இருக்கிறதே” என்று ஒதுக்கிவிடலாம்.

இரண்டு பல்புகளை ஒப்பிட இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களும் உண்டு. ஒரே படத்தில் இரண்டும் இருந்து, எண் 255ஐத் தொடாவிட்டால், எது கூட எது குறை என்று சொல்ல அது போதும். எவ்வளவு என்று சொல்லப் போதாது.

பிறகு அதே தாளை, அதே இரண்டு தூரங்களில், அமைப்புகளை நாமே வைக்கும் புரோ முறையில் ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளி உணர்திறன்) ஷட்டர் நேரத்தையும் பூட்டி, எண்களை வளைக்காத ரா கோப்பாக எடுத்தேன். லென்ஸை மூடி எடுத்த இருட்டுப் படத்தின் எண்ணைக் கழித்தேன். விடை கால் பங்கை ஒட்டி வந்தது.

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களே, தெருவிளக்குக்கு மனு எழுதுபவர்களே, இரவு முறையை அணையுங்கள். ஒளி அளவு தெரிந்த ஒரு பல்பையும், 255ஐத் தொடாதபடி, சாட்சியாகப் படத்துக்குள் வையுங்கள். ஐ.எஸ்.ஓ., ஷட்டர் நேரம் இரண்டையும் படத்தின் கீழே எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை அளவு என்று யார் நீட்டினாலும் ஏற்காதீர்கள்.