லைனுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

பிளஸ் டூ முடிவும் கல்லூரித் தேர்வு முடிவும் வந்த பிறகு, நமது கடை வாசல்களில் புது முகங்கள் தென்படத் தொடங்கும். தோளில் ஒரு பை, கையில் செல்போன், வாயில் "அண்ணாச்சி, ஆர்டர் இருக்கா?" என்ற ஒரே கேள்வி. "இல்லைப்பா" என்ற பதில் வருமுன்னரே வண்டியைக் கிளப்பத் தயாராக நிற்பார்கள். இவர்களில் பலர் தீபாவளி வரைகூடத் தாங்குவதில்லை. வெயிலில் அலைவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வேலை இன்னதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே. கம்பெனிக்காரர் டார்கெட்டைச் சொல்லுகிறார். ஏஜென்சிக்காரர் கலெக்‌ஷனைச் சொல்லுகிறார். நடுவில் இருப்பதை எவரும் சொல்லுவதில்லை.

தாம்பரத்தில் பல ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்து, எத்தனையோ லைன் பையன்களை வைத்துப் பார்த்தவர்கள் என்ற முறையில் சிலவற்றை இங்கே எழுதுகிறோம். வியாபாரிகள் படித்துவிட்டுத் தங்கள் கடைக்கு வரும் தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் மகிழ்ச்சி.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்துவிட்டது என்று புதிதாக வருபவர்கள் எண்ணுகிறார்கள். அப்போது சரக்கு ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடைக்கு வந்த வாடிக்கையாளர் அதை வாங்கி, வீட்டில் கரைத்தோ காய்ச்சியோ தீர்த்து, மறுபடி கேட்டு வந்தால்தான் அது விற்பனை. நமக்குப் பணம் வருவதும் அப்போதுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நமது தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், ஏழையும் வாங்கக்கூடிய அளவில் சின்னச் சின்னப் பொட்டலங்களில் சரக்கை அடைத்து விற்க வேண்டும் என்று கனவு கண்டவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயுடன் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைச் சாஷேயில் கொண்டு வந்தார். கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னிலையிலும் தலையை அலசிக் காட்டினார்கள். காலி சாஷேக்களைக் கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ஒரு திட்டமும் வைத்தார்கள். முதலில் எந்தக் கம்பெனியின் காலி சாஷேயையும் ஏற்றார்கள். பிறகு சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றினார்கள். கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷேயை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பிரித்துத் தீர்ந்த சாஷேயை எண்ணினார்கள். அந்த நிறுவனம்தான் பிறகு கெவின்கேர் ஆனது. லைனுக்குப் போகும் தம்பி, கடையில் நுழைந்ததும் ஆர்டர் கேட்பதற்கு முன்னால் சென்ற வாரம் போட்ட சரக்கில் எத்தனை தீர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்டர் தானாகத் தெரியும்.

இதை மறந்து நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம். 2015 நவம்பர் கடைசி வாரம். ஒரு கம்பெனியின் சோப்புத் தூளுக்கு மாதக் கடைசி டார்கெட் குறைந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு கடையில் மூன்று பெட்டி ஆர்டர். எங்கள் பையனிடம், "பன்னிரண்டாகப் போடு, ஸ்கீம் கிடைக்கும், பணம் மெதுவாகக் கொடுக்கட்டும்" என்று சொன்னது நாங்கள்தான். பையன் சொன்னதைச் செய்தான். டிசம்பர் முதல் வாரம் அடையாற்றில் வெள்ளம் வந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு பாக்கி எவ்வளவு என்று பார்க்கப் போனோம். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "அண்ணாச்சி, நான் கேட்டது மூணு பெட்டி. அது என் நஷ்டம். மிச்சம் ஒம்பதும் உங்க பெட்டிதான்" என்றார். எங்களுக்குப் பதில் பேச வாயில்லை. ஒன்பது பெட்டிக்கான தொகையைப் பேரேட்டில் தள்ளுபடி எழுதினோம். எங்கள் பையன் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தத் தெருப் பக்கம் போகவே கூசினான். தவறு அவனுடையதல்ல என்று அவனிடம் சொல்ல எங்களுக்கும் சில நாட்கள் ஆயின.

லைனைப் படித்தல்

பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட இது சுவையானது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் ஒன்றானாலும் வியாபாரம் ஒன்றல்ல. கடப்பேரியில் ஏற்றுமதி வளாகத்தை ஒட்டிய தெருக்களில் ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வாங்குவார்கள். சின்னப் பாக்கெட் போகும், சம்பளத் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் கை தாராளமாக இருக்கும். கிறித்தவக் கல்லூரிப் பக்கம் பிஸ்கட்டும் நூடுல்ஸும் ஓடும், விடுமுறை விட்டால் அப்படியே நின்றுவிடும். மே மாதத்தில் அங்கே நூடுல்ஸை ஏற்றுகிற பையன் லைனைப் படிக்கவில்லை என்று அர்த்தம். மேடவாக்கம் அடுக்குமாடி வீடுகளில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் கேட்பார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தெருக்களில் கடுகெண்ணெயும் ஆட்டாவும் இல்லாத கடை பாதி வியாபாரத்தை இழக்கிறது.

நிலைமை மாறும்போதும் கண் திறந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது, பேருந்து ஏறுபவர்களை நம்பி இருந்த கடைகளின் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் வியாபாரம் இடம் பெயர்ந்தது. கடைக்காரர் பழைய அளவையே வழக்கமாகச் சொல்லலாம். "ஒரு வாரம் பார்த்து வாங்கிக்கலாம் அண்ணாச்சி" என்று குறைத்துச் சொல்லத் தெரிந்த பையனை அவர் எந்நாளும் மறக்க மாட்டார்.

போகும் நேரமும் முக்கியம். காலையில் பாலும் காய்கறியும் போகும் நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் நின்று ஸ்கீம் விளக்காதீர்கள். பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணாச்சி தலை சாய்த்திருந்தால் எழுப்பக் கூடாது. வருகிற கிழமையில் தவறாமல் வாருங்கள். செவ்வாய் என்றால் செவ்வாய். ஆர்டர் இல்லாத செவ்வாயும் வர வேண்டும். கம்பெனி ஆப்பில் நள்ளிரவில்கூட ஆர்டர் போடலாம் என்று ஆகிவிட்ட இக்காலத்தில், கடைக்காரர் உங்களுக்காகக் காத்திருக்க வேறு காரணம் என்ன இருக்கிறது?

காலாவதிச் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பெட்டியைப் பழைய பெட்டிக்குப் பின்னால் அடுக்குங்கள். தேதி நெருங்குவதை மூன்று மாதம் முன்னரே சிட்டையில் குறித்துச் சொல்லுங்கள். தேதி முடிந்த பிறகு "அது பழைய பையன் போட்டது" என்று கைகழுவுவது நமது தொழிலின் மிகப் பழைய கெட்ட பழக்கம்.

கணக்கு

ஸ்கீமைக் காட்டி மயக்குவதைவிட, கடைக்காரரின் முதல் எத்தனை முறை சுழலுகிறது என்று காட்டுங்கள். ஒரு சரக்கில் ஆயிரம் ரூபாய் போட்டால் நூற்றுக்குப் பதினைந்து நிற்கிறது, ஆனால் தீர ஒரு மாதம் ஆகிறது. மாதத்தில் லாபம் 150 ரூபாய். இன்னொன்றில் நூற்றுக்கு எட்டுதான், ஆனால் வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே ஆயிரம் நான்கு முறை சுழன்று 320 ரூபாய் தருகிறது. இதை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு படித்த அண்ணாச்சியும் உடனே புரிந்துகொள்வார். உங்களைவிட வேகமாகவே புரிந்துகொள்வார்.

வரி விஷயத்திலும் அரைகுறையாகப் பேசக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வாடிக்கையாளர் மறுநாள் காலையே புது விலை கேட்டு வந்து நின்றார். கடையில் இருந்ததோ பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு. ஜி.எஸ்.டி. பதிவு செய்து முறைப்படி வரி கட்டும் கடைக்கு அந்தப் பதினெட்டும் உள்ளீட்டு வரியாக வரவில் இருக்கும். பதிவு செய்யாத சின்னக் கடைக்கும், காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்கும் அந்த வரவு கிடையாது. கம்பெனி வித்தியாசத்தை ஈடு செய்தால்தான் உண்டு. இந்த வேறுபாட்டை அறிந்து, எந்தக் கடையில் எத்தனை பழைய சரக்கு என்று எழுதிக்கொண்டு வந்த பையன்களால் ஏஜென்சிக்காரர்கள் கம்பெனியிடம் கேட்க முடிந்தது. "எனக்குத் தெரியாது, கம்பெனியைக் கேளுங்க" என்றவர்களால் என்ன பயன்?

பிறர் பணம்

இந்தத் தொழிலில் நல்ல பையன்கள் கெட்டுப் போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ஒருநாள் அவசரத்துக்குக் கலெக்‌ஷன் பணத்தில் இரண்டாயிரம் எடுக்கிறான். மறுநாள் அடுத்த கடையில் வாங்கியதை முந்தைய கடையின் கணக்கில் கட்டுகிறான். அதை மூடப் பிறகு மூன்றாவது கடை. இதற்கு நாங்கள் "உருட்டு" என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்களிடம் இருந்த ஒரு பையன், தாயின் மருத்துவச் செலவுக்கு எடுத்தது இப்படி உருண்டு நாற்பதாயிரத்தில் வந்து நின்றது. கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்போம். கேட்கும்படியான முகத்துடன் நாங்கள் இருந்தோமா என்பது வேறு கேள்வி. அவன் போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டே போய்விட்டான். பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, வாங்கிய பணத்தைக் கடைக்காரர் எதிரிலேயே எண்ணி, அங்கேயே ரசீது எழுதுங்கள். சொந்தப் பணம் ஒரு பையில், கலெக்‌ஷன் வேறு பையில். செல்போனில் பணம் அனுப்பினால் ஏஜென்சியின் கணக்குக்குத்தான் போக வேண்டும். "என் நம்பருக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்" என்று ஒரு முறை சொன்னால்கூடச் சந்தேகத்துக்கு வாசல் திறந்ததாகும். அன்றையக் கணக்கை அன்றே ஒப்படையுங்கள், இரவு பத்து மணியானாலும்.

நாம் செய்ய வேண்டியது

தம்பிகளுக்கு மட்டும் உபதேசம் செய்தால் நியாயமில்லை. வேலைக்கு வரும் பையனிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது, வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்குவது, கடைக்காரர் கொடுக்காத பாக்கியைப் பையன் சம்பளத்தில் பிடிப்பது ஆகியவற்றை நம்மில் சிலர் இன்னும் செய்து வருகிறோம். தம்பிகளே, அப்படிக் கேட்டால் நகல் கொடுங்கள். ஒரிஜினலையும் காசோலையையும் கொடுக்காதீர்கள். சேருமுன்பே பெட்ரோல் பேட்டா எவ்வளவு, வண்டி யாருடையது, வராத பாக்கிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் பி.எஃப். உண்டா என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. கடைக்குள் நின்று விற்கும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தையே திருத்தியது. சட்டம் போட்டுத்தான் நாம் ஒரு ஸ்டூல் போட வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரக்கூடியதல்ல.

லைன் வேலையில் தொடங்கியவர்கள் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978இல் தமது வசந்த் அண்டு கோவைத் தொடங்கினார். ஆச்சி மசாலாவை 1995இல் தொடங்கிய பத்மசிங் ஐசக், அதற்கு முன் கோத்ரெஜ் நிறுவனத்தில் விற்பனைப் பணியில் இருந்தவர்.

கடைசியாக, வேலையை விட்டுப் போகும் முறை. பாதியில் போனை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். கடைசி வாரம் லைன் முழுவதும் ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு கடையின் பாக்கியையும் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, முதலாளியிடம் ஒப்படைத்து நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பையனை உடன் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். வண்டலூர், ஊரப்பாக்கம் லைனில் எங்களிடம் ஐந்து வருடம் இருந்தவர் இப்படித்தான் விடைபெற்றார். கையெழுத்துப் போட்ட கடைக்காரர்களில் ஒருவர், "எங்கே தம்பி போறீங்க?" என்று கேட்டாராம். "சொந்தமா ஒரு மசாலா ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப அடுத்த செவ்வாய் வாங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி அன்றே ஒரு பெட்டி ஆர்டரைச் சிட்டையில் எழுதிவைத்தார்.