அருவிக்குத்தான் போட்டோ!

குற்றாலத்தில் குளித்த கையோடு தென்காசியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பந்தும் கையுமாக இரண்டு பொடிசுகள்.

"கோல் அடிப்பியாடே?" என்றேன் ஒருவனிடம்.

"நான் மிட்ஃபீல்டுல்லா மாமா! அடிக்கவனுக்கு எடுத்துக் குடுப்பேன்."

மைக்கேல் சூசைராஜ் ஞாபகம் வந்தது. குமரி மாவட்டக் கடலோரத்துப் பிள்ளை. அவரும் மிட்ஃபீல்டர்தான். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஊர் ஊராகச் சட்டை மாற்றியவர். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பை. அதே வருஷம் நவம்பர் 20, புது சீசனின் முதல் மேட்ச்சிலேயே முழங்கால் போச்சு! விட்டாரா? 2022-ல் ஒடிசா அணிக்குப் போனார்.

நாம் அருவியைத்தான் போட்டோ எடுக்கிறோம். வயலுக்குப் பாயும் சிற்றாற்றை யார் எடுக்கிறோம்?

பையனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். பாதியைப் பிய்த்துக் கூட்டாளிக்கு 'பாஸ்' பண்ணிவிட்டான்!