வலையமைப்புக் கோப்பு முறைமை: காலமுடிவும் மீள்முயற்சியும்

ஒரு கணினியிலுள்ள கோப்புகளை ஏனைய கணினிகள் தமது சொந்தக் கோப்புகள் போலப் பயன்படுத்த உதவுவது வலையமைப்புக் கோப்பு முறைமையாகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதனை 1984 இல் உருவாக்கியது. கோப்பைக் கேட்பது பயனர் கணினி, வழங்குவது சேவையகம்.

பயனர் கணினி வேண்டுகோளை அனுப்பிய பின் குறித்த காலம் காத்திருக்கும். பதில் வராவிடின் அதே வேண்டுகோளை மீண்டும் அனுப்பும். லினக்ஸ் கணினியில் ரி.சி.பி. நெறிமுறையைப் பயன்படுத்தும்போது, வேறாகக் குறிப்பிடாவிடின், இக்காலம் 60 செக்கன்களாகும்.

பதில் வராமைக்கான காரணங்கள்:
1. வேண்டுகோள் வழியில் தொலைந்திருக்கலாம்.
2. சேவையகம் இயங்காதிருக்கலாம் அல்லது தாமதிக்கலாம்.
3. வேலை முடிந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம்.

இவற்றுள் எது நடந்தது என்பதைப் பயனர் கணினி அறியாது. கோப்பை இருமுறை வாசித்தாலும் தீங்கில்லை. ஆனால் கோப்பை அழிக்கும் வேண்டுகோள் இருமுறை சென்றால், முதன்முறையே வேலை முடிந்திருந்தும் "கோப்பு இல்லை" என்ற வழுச்செய்தி வரலாம். இதைத் தவிர்க்கச் சேவையகம் தனது அண்மைய பதில்களைச் சேமித்து வைத்து, மீள வரும் வேண்டுகோளுக்கு முந்திய பதிலையே அனுப்பும்.

இணைப்பு முறைகள் இரண்டு:
வன் இணைப்பு – பதில் வரும்வரை விடாது முயலும். அதுவரை செய்நிரலும் காத்து நிற்கும்.
மென் இணைப்பு – குறித்த தடவைகள் முயன்றபின் வழுவை அறிவித்துக் கைவிடும்.

வினா: புள்ளிப் பட்டியலைச் சேமிக்க உகந்த முறை எது? ஏன்?
விடை: வன் இணைப்பு. மென் இணைப்பில் எழுதுதல் இடைநடுவே கைவிடப்படலாம். செய்நிரல் அவ்வழுவைக் கவனியாவிடின் புள்ளிகள் தொலையும்.

நினைவிற் கொள்க: பதில் வராமை, வேலை நடக்கவில்லை என்பதற்குச் சான்றன்று.